குடும்பஸ்தர்களுக்கு மட்டும்

"வீ...ல்!"

கேரவனிலிருந்து கிளம்பிய அலறலில் படப்பிடிப்புத் தளமே உறைந்தது.

முதலில் பார்த்தது மேக்கப்மேன்.

ஹீரோ தரையில் கிடந்தான். நாற்காலி கவிழ்ந்திருந்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. அவன் கழுத்தில் இறுகியிருந்தது... ஹீரோயினின் துப்பட்டா!

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்ன படம் சார் எடுக்கறீங்க?"

"காமெடி சார்..." டைரக்டர் வியர்வையைத் துடைத்தார். "குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் வீடுன்னு ஓனர் அடம் பிடிக்கிறார். முன்னேபின்னே தெரியாத ரெண்டு பேர் வீட்டுக்காகவே கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அப்புறம் நிஜமாவே காதல்! ஹீரோ சொன்ன கதைதான் சார்."

இன்ஸ்பெக்டர் ஹீரோயினிடம் திரும்பினார்.

"நேத்து எல்லார் எதிரேயும் அவரை அறைஞ்சீங்களாமே?"

"அறைஞ்சேன்! என்னைக் கட்டிக்கப் போறவன் சார். அவன் போன்ல 'வீடு'ன்னு ஒரு நம்பர். நான் கூப்பிட்டா பேசாம கட் பண்றா, எவளோ ஒருத்தி! யாருடான்னா சிரிக்கிறான். வயிறு எரிஞ்சுது. ஆனா... கொல்லல சார்!"

வயிறு எரிந்ததற்கு ஐம்பது பேர் சாட்சி. கொல்லவில்லை என்பதற்கு, பாவம், ஒருவர்கூட இல்லை.

பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"அவரைக் கடைசியா யார் பார்த்தது?"

"நான் சார்."

கன்டின்யூட்டி பார்க்கும் உதவி இயக்குநர். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் சட்டை, தலைமுடி எதுவும் மாறிவிடாமல் காவல் காப்பது அவள் வேலை.

"பிரேக்குக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கு சார்." பெருமையாக நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"மேடத்தை விடுங்க!"

"சார்?"

"சட்டையில இடது கை மூணு மடிப்பு. வலது கை ரெண்டு. நெத்தியில ஒரு கத்தை முடி. அச்சு அசலா போட்டோல இருக்கற மாதிரியே! நாற்காலியை உதைச்சு, கண்ணாடியை உடைச்சு உயிரை விட்டவன் சட்டை எப்படிம்மா கலையாம இருக்கும்? பிணத்துக்கு யாரு தலை சீவி விட்டது?"

உதவி இயக்குநர் தன் கைகளைப் பார்த்தாள்.

"பிரேக் முடிஞ்சா அதே சீன் சார்... எல்லாம் கலைஞ்சு கிடந்தது. கை சும்மா இருக்க மாட்டேன்னுது."



"அந்த 'வீடு' நான்தான்டி!" ஹீரோயினை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு மூணு வருஷம். வீட்டுக்காகத்தான். அவன் ஒரு ரூம், நான் ஒரு ரூம். எனக்கு எப்பவோ நிஜமாயிடுச்சு. அவனுக்குக் கதையாயிடுச்சு! என் சண்டை, என் கோபம், நான் பேசின பேச்சு... எல்லாத்தையும் உன் வாயில வெச்சான். நீ ஒரு வார்த்தை மாத்தாம பேசறியான்னு நோட்டு வெச்சு டிக் அடிக்க நான்! இன்னிக்கு விவாகரத்துப் பேப்பரை நீட்டி, 'நாமதான் ஃப்ரெண்ட்ஸாச்சே'ன்னு சிரிச்சான். அடுத்த ஷாட்டுக்கு எடுத்து வெச்ச துப்பட்டா என் கையில இருந்துச்சு..."



ஜீப்பில் ஏறும்போது அவள் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசி சீன்ல இவளை அழ விடாதீங்க சார். நான் அழல."

டைரக்டர் தலையில் கை வைத்தார்.

"கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு எழுதியிருக்கேனே சார்!"

"சென்சார்ல உங்களுக்கு 'யூ' குடுப்பாங்களோ 'ஏ' குடுப்பாங்களோ தெரியாது..." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "ஜட்ஜ் இவங்களுக்கு ஆயுள் குடுப்பார்!"