மழைக்கோட்டுக்குள் வெயில்

எச்சிலைக்கூட விழுங்காதே, செல்வி... துப்பு. இன்னும் அரைக் கிலோ. அரைக் கிலோதான்...

மாரிசெல்வி துப்பிவிட்டு ஓடினாள். ஒரகடத்துச் சித்திரை வெயிலில், ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு. உள்ளே வேர்வை ஆறாய் ஓடியது. நாளைக் காலை எடை பார்க்கும்போது நாற்பத்தெட்டு கிலோவை ஒரு பொட்டு தாண்டினாலும் மாநிலக் குத்துச்சண்டைத் தேர்வில் அவளுக்கு இடமில்லை. தூத்துக்குடியை விட்டு வந்து, கார் பார்ட்ஸ் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டே அவள் காத்திருந்த தேர்வு.

சாலை ஆடியது. முழங்கால் மடங்கி விழுந்தாள்.

ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. யாரோ ஒருவன் அவள் தலையைத் தூக்கி, வாயில் பாட்டிலைச் சாய்த்தான். குளிர்ந்த தண்ணீர்... இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தட்டிவிட்டாள்.

"ஐயோ! என்ன காரியம் செஞ்சீய? தண்ணி குடிக்கக் கூடாதுன்னுதான ஓடுதேன்!"

"இன்னாமா இது? மழையே காணோம், கோட்டு மாட்டிக்கினு ஓடி வுழுந்துட்டு, தண்ணி குடுத்தவன் மேல பாயுற?"

"நாளைக்கு எடை பாப்பாவ. கூடிச்சுன்னா வெளிய அனுப்பிருவாவ. எல்லாம் ஒங்களால போச்சு!"

அவன் முகம் செத்துப்போனது. பெரிய கண்கள்... செய்த தப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். அந்தக் கோபத்திலும் அதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எழுந்து மறுபடி ஓடினாள். லாரிகளுக்கும் அவளுக்கும் நடுவில் பைக் மெல்ல ஊர்ந்து வந்தது.

"போங்கன்னா போக மாட்டியளா?"

"நான் ஊத்துன தண்ணி. அது வேர்வையா வர்ற வரைக்கும் போவமாட்டேன்."

சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வடக்குப்பட்டு பழைய இரும்புக்கடைத் தராசுதான் அவளுக்கு எடை மெஷின். கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினாள். சிவப்பு எண்கள் தடுமாறின... ஏறின... நாற்பத்தெட்டுக்கு ஒரு முடி கீழே நின்றன.

அவளுக்கும் முன்பே அவன்தான் நிம்மதியாய் மூச்சு விட்டான்.

"ஒங்க பேரென்ன?" என்றாள்.

"எழிலரசன். டெய்லி என் வண்டில வந்துக்கினு பேரு கேக்குற பாரு!"

"ஒங்க வண்டிலயா?"

"கம்பெனி பஸ் டிரைவர்மா நானு. நீ எங்க என்னைப் பாத்த? ஏறுனதும் ஜன்னல்ல சாஞ்சு தூங்கிருவ." அவன் குரல் தாழ்ந்தது. "கண்ணாடில பாப்பேன். தண்டலம் ஸ்பீடு பிரேக்கர்ல நீ முழிச்சுக்கக் கூடாதுன்னு வண்டிய மெதுவா நடத்திக்கினு போவேன். ஒரு வருசமா... இன்னிக்கி நீ வுழுந்தப்போ எனக்குக் கை காலே ஓடல."

தூங்கும்போது தன் முகம் எப்படி இருக்குமோ... வாய் பிளந்திருக்குமோ... வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால், அவளுக்கே தெரியாமல் அவள் தூக்கத்துக்கு ஒருவன் காவல் இருந்திருக்கிறான்.

"நாளைக்கு லீவு போட்டுடறேன்மா. ரிங்குகிட்ட வந்து நிக்கட்டா?"

"வேண்டாம்."

"இன்னும் கோவமா?"

"இல்ல." தரையைப் பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க அங்கன நின்னா, எதுத்தாப்ல சண்டைக்கு நிக்குறவ என் கண்ணுக்குத் தெரிய மாட்டா... வராதீய."