இடது பெட்டி

தையல்காரி பாட்டை நிறுத்திய பிறகும் இடது ஸ்பீக்கர் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. சளி பிடித்த பிள்ளை தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

“இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு அழப்போற? சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றாரு, குடுத்துடலாம்” என்றார் கணவர்.

“சரியாப் பாடிட்டா வச்சுக்கலாம்லங்க?”

“பாடினா வச்சுக்க. யாரு வேணாங்கறா?”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மகள் குட்டி காய்ச்சலில் போன பிறகு, சட்டை, செருப்பு, பொம்மை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அந்த மனிதர் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். பார்த்தால் தாங்காதாம். இந்த ஆளுயரப் பெட்டி தப்பியதே பெரிது. இதன் காகிதக் கூம்பின் நடுவிலுள்ள குமிழைக் குட்டி ஒருநாள் விரலால் அமுக்கி, பள்ளமாக்கி வைத்திருந்தாள். மகளின் விரல் பட்ட தடம் என்று தாய்க்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

தையல் மிஷினைத் தானே பிரித்துப் பூட்டுகிறவளுக்கு இதென்ன பிரமாதம். இரண்டு பெட்டிகளின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினாள். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்றால் கரகரப்பு வலப்பக்கம் போயிருக்க வேண்டும், போகவில்லை. அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்தான். கூம்பை இரு கை விரல்களாலும் மெல்ல அமுக்கினாள், எங்கும் உரசவில்லை. கடைசியில் ஒயரையே உருவிவிட்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்த கூடத்தில், எதனோடும் சேராத அந்தப் பெட்டி விடாமல் இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

ஸ்குரூக்களைக் கழற்றி, கூம்பைச் சட்டத்தோடு எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே இருட்டு. பசை வாடை அடிக்கும் என்று நினைத்தாள். வியர்த்த பிஞ்சுத் தலையின் வாசனை வந்தது. கையை விட்டாள். எதிரொலியை அடக்க உள்ளே அடைத்திருந்த பஞ்சு கதகதவென்று இருந்தது. அதன் நடுவில் ஒரு பிள்ளை சுருண்டு படுத்திருந்த அளவுக்குக் குழி.

“குட்டி?”

பெட்டிக்குள் மூச்சு நின்றது.

சின்ன விரல்கள் அவள் உள்ளங்கையைத் தொட்டன. அவள் உடைந்து அழுதாள். இந்தத் தொடலுக்கு எவ்வளவு ஏங்கியிருந்தாள்!

“அம்மாதான்டி. வந்துடு தங்கம், வா.”

விரல்கள் பற்றிக்கொள்ளவில்லை. தள்ளின. வெளியே போ, வெளியே போ என்று தள்ளின. நடுங்கிக்கொண்டே.

“ஏன்டி? அம்மா மேல கோவமா?”

வாசலில் கணவரின் குரல் கேட்டது. “வாங்க, கூடத்துலதான் இருக்கு.”

அப்போது பஞ்சுக்கு அடியிலிருந்து இன்னொரு கை வந்தது.

பெரியது. சில்லென்றிருந்தது.

குட்டியின் கையையும் அவள் கையையும் ஒரே பிடியாகப் பிடித்தது. அவசரமில்லாமல் உள்ளே இழுத்தது. இத்தனை நாளும் பிள்ளை அங்கே தனியாக இல்லை. யாருடனோ இருந்திருக்கிறது.

பிஞ்சு விரல்கள் இன்னும் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் கை தோள்வரை உள்ளே போயிருந்தது.