சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை

பாண்டீஸ்வரியின் ஊரில் பன்னிரண்டு பேர்தான். ஏழு வருஷமாகவே அந்தக் கணக்கு மாறவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, மதியம் மூன்றரை மணிக்கு அவள் எண்ணிப் பார்த்தபோது பதின்மூன்று பேர் நின்றார்கள்.

ஊர் என்றால் கைப்பேசிக்குள் இருக்கிற ஊர். கல்லூரி விடுதியில் பொழுது போகாமல் ஆரம்பித்த விளையாட்டு அது. குடிசையில் தொடங்கி, தெரு போட்டு, கிணறு வெட்டி, ஆட்களைக் குடியேற்றி, அவர்களை ஏவி வேலை வாங்க வேண்டும். அவளைச் சீண்டியவர்கள் பெயரையெல்லாம் அவர்களுக்கு வைத்திருந்தாள். விடுதியின் வார்டன் அங்கே சாக்கடை அள்ளினாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவள் மாமியார் ஒச்சாயி. நிஜ ஒச்சாயி பேரையூரில் இருந்த இடத்தை விட்டு நகராமல் ஊரையே ஏவுகிறவள். கைப்பேசி ஒச்சாயியோ ஒரு நாளைக்கு நாற்பது குடம் தண்ணீர் சுமந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பதில் பாண்டீஸ்வரிக்கு ஒரு தனி நிம்மதி இருந்தது.

ஏவினால் செய்வார்கள். ஏவாவிட்டால் செய்கிற வேலையை முடித்துவிட்டு அவரவர் வாசலுக்கு வந்து நின்றுகொள்வார்கள். இரண்டு கையும் தொங்கும். முகம் சற்றே மேலே தூக்கி இருக்கும், திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கிற மாதிரி. தலைக்கு மேலே ஒரு சின்னக் கட்டத்தில் 'அடுத்து என்ன?' என்று எழுத்து ஓடும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த பேச்சு.

பதின்மூன்றாவது ஆளுக்கு வாசல் இல்லை. அதனால் தெருவின் நடுவில் நின்றது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை போட்ட சின்னப் பெண். இடது சடையின் ரிப்பன் மட்டும் அவிழ்ந்து தோளில் தொங்கியது. பாண்டீஸ்வரி அதன் மேல் விரலை வைத்தாள்.

மீனா. வயது 6. அடுத்து என்ன?

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மகள் கைப்பேசியை எடுத்து நோண்டியிருக்கிறாள் என்றே நினைத்தாள். "ஏய் மீனா, இங்க வா" என்று படுக்கையறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளே தள்ளிப் போட்ட புது பிளாட்டுகள் அவை. நாற்பது மனைகளில் வீடு எழும்பியது இரண்டே இரண்டு. யானைமலையில் பட்டுத் திரும்பிய வெக்கை காய்ந்த புல்லையும் வெள்ளை அடித்த எல்லைக் கற்களையும் தடவிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்து கொண்டிருந்தது. அதில் யாரோ சருகு கொளுத்திய வாசனையும், வீட்டின் இன்னும் காயாத பெயிண்ட் வாசனையும், மேலூர் ரோட்டில் எங்கோ ஒரு பஸ் விடாமல் அடித்த ஹாரனும் கலந்திருந்தன. அத்தனைக்கும் நடுவில் வெறுங்காலின் சத்தம் கேட்டது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில். ஆறு வயசுப் பிள்ளை அப்படி நடக்காது.

மீனா கதவருகில் வந்து நின்றாள். அரைநாள் பள்ளி முடிந்து வந்த சீருடையை இன்னும் கழற்றவில்லை. இடது ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"அம்மா போனை எடுத்தியா?"

"இல்லம்மா."

"இம்புட்டு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"தட்டைக் கழுவி வைக்கச் சொன்னீங்க. வச்சுட்டேன்."

தட்டைக் கழுவச் சொன்னது இரண்டு மணிக்கு. பாண்டீஸ்வரி எழுந்து கூடத்தை எட்டிப் பார்த்தாள். டிவி ஓடவில்லை. பொம்மை எதுவும் தரையில் இல்லை. சமையலறை வாசலில் ஈரக் கால்தடம் இரண்டு காய்ந்து கிடந்தன, பக்கத்துப் பக்கத்தில். வேறு எங்கும் தடம் இல்லை. ஒன்றரை மணி நேரமாகப் பிள்ளை அங்கேயே நின்றிருக்கிறது.

அப்போதுதான் அந்த வாரம் முழுவதும் நடந்தது அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

திங்கட்கிழமையிலிருந்தே மீனா மாறிப் போயிருந்தாள். அதுவரை அவள் ஒரு சரியான வாலு. சோறு ஊட்ட வீட்டைச் சுற்றி மூன்று தடவை துரத்த வேண்டும், குளிக்க வைக்க ஒரு போரே நடத்த வேண்டும். திங்கட்கிழமை "குளிக்கப் போ" என்றதும் போனாள். செவ்வாய்க்கிழமை பாகற்காயை மிச்சம் வைக்காமல் தின்றாள். புதன்கிழமை டைரியில் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நல்ல பிள்ளை' என்று எழுதி அனுப்பினாள். எதிர்வீட்டு லத்தீபா அக்கா கண்ணை விரித்தாள். "மாஷா அல்லாஹ், என்ன அடக்கம். எங்க வீட்லயும் ரெண்டு இருக்குதுகளே, சொன்ன பேச்சைக் கேக்குதுகளா?" என்றாள். பாண்டீஸ்வரிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாள். பிள்ளை தொந்தரவு இல்லாமல் கிடைத்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் விளையாடினாள். அதை நினைத்தபோது அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது.

கைப்பேசியை எடுத்தாள். திரையில் நின்ற சின்னப் பெண்ணைத் தொட்டு, 'உட்கார்' என்பதை அழுத்தினாள்.

கதவருகில் மீனா உட்கார்ந்தாள்.

'எழு.' எழுந்தாள். 'கிணற்றுக்குப் போ.' மீனா திரும்பி, கூடத்தைக் கடந்து, பின்கதவின் தாழ்ப்பாளை எக்கித் திறந்து, தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நடந்தாள். தொட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. பாண்டீஸ்வரி திரையை மறந்து ஓடினாள். விளிம்பில் ஒரு கால் வைத்திருந்த பிள்ளையை வாரி எடுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மீனாவின் உடம்பில் எதிர்ப்பே இல்லை. தூக்கினால் வந்தது, இறக்கினால் நின்றது. கைகள் தொங்கின. முகம் மேலே நிமிர்ந்தது.

"அடுத்து என்னம்மா?"

புருஷனுக்குப் போன் போட்டாள். தங்கப்பாண்டி ஒரு கல்லூரி பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸை ரிப்பேருக்கு விட்டுவிட்டுத் திருமங்கலத்துப் பட்டறையில் காத்துக் கிடந்தான். எங்கோ இரும்பை அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"புள்ள சொன்ன பேச்சு கேக்குதுன்னு எவளாச்சும் அழுவாளா பாண்டி?"

"என்னங்க, நான் சொல்றது உங்களுக்குப் புரியல. அவ அவளா இல்லங்க."

"அந்தக் கருமத்தை முதல்ல விட்டுத் தொலை. எம்புட்டு வருசமாச் சொல்றேன். வண்டி எடுத்துட்டேன்னா ஆறரைக்கு வந்துருவேன்."

விட்டுவிடலாமா? அதுதான் கேள்வியே. விளையாட்டை அழித்தால் அந்தப் பதின்மூன்றாவது ஆளும் அழியும். அதோடு இவளுக்கு என்ன ஆகும்? அழிக்காமல் வைத்துக்கொண்டால் பெற்ற மகளை ஆயுசுக்கும் விரலால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்குப் பெரியவளானாலும், கல்யாணமானாலும், ஊர் மெச்சும். இப்படி ஒரு மருமகளா என்று மெச்சும். ஒரு ஆளுக்குக்கூடச் சந்தேகம் வராது. அந்த நினைப்புதான் பாண்டீஸ்வரியை எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயமுறுத்தியது.

மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி டம்ளர் ஒன்றை அவள் கையில் கொடுத்தாள்.

"தாயி, இதைப் போட்டு உடை. அம்மா திட்ட மாட்டேன்."

மீனா உடைத்தாள். சத்தத்துக்கு இமைகூட அசையவில்லை.

"அடம் புடி. தரையில விழுந்து அழு."

விழுந்தாள். அழுதாள். கண்ணீர்கூட வந்தது. "போதும்" என்றதும் நின்றது, குழாயைத் திருகி மூடியது போல.

"என்னைப் பாரு மீனா. மாட்டேன்னு சொல்லு. அம்மா என்ன சொன்னாலும் மாட்டேன்னு சொல்லணும். சொல்லு."

"மாட்டேன்."

பாண்டீஸ்வரியின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

"மாட்டேன்னு சொல்லிட்டேம்மா. அடுத்து என்ன சொல்லட்டும்?"

பாண்டீஸ்வரி அழவில்லை. அழுகைக்குப் பதிலாக அவளுக்குள் பழைய வீம்பு ஒன்று எழுந்தது. வார்டனிடம் மன்னிப்புக் கேட்க மறுத்துப் பத்து நாள் விடுதிக்கு வெளியே நின்ற வீம்பு. மாமியார் இடுகிற வேலையைச் செய்துவிட்டு, மனசுக்குள் ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்காத வீம்பு. என் பிள்ளைக்கு அதில் பாதியாவது இருந்தது, அதையா எடுத்துக்கொண்டீர்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

கைப்பேசியில் அமைப்புகளைத் திறந்தாள். 'ஊரைக் கலை' என்று கடைசியில் இருந்தது. அதுவரை தொட்டதே இல்லாத இடம். தொட்டாள்.

திரையில் பன்னிரண்டு பேரும் வாசலை விட்டு இறங்கி வந்தார்கள். யாரும் ஏவாமல். தெருவில் சின்னப் பெண்ணைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒச்சாயியின் கை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. எல்லார் தலைக்கு மேலேயும் கட்டத்தில் புதிதாக ஒரு வரி.

எங்களுக்கு இனி யார் சொல்வார்கள்?

"யாரும் சொல்ல மாட்டாக," என்றாள் பாண்டீஸ்வரி, சத்தமாகவே. "உங்க வேலைய நீங்களே பாத்துக்கோங்க. என் புள்ளைய விடுங்க."

அழுத்தினாள்.

திரை வெளுத்தது. வீடுகள் போயின. கிணறு போனது. ஆட்கள் போனார்கள். கடைசியாக நீலப் பாவாடையும். பிறகு ஒரு அறிவிப்பு மட்டும் வந்தது: 'ஊரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மீட்கலாம். மீட்டால் எல்லோரும் பழையபடி நடமாடுவார்கள்.'

பாண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

மீனா அதே இடத்தில் நின்றாள். ஆனால் கேள்வி வரவில்லை. 'அடுத்து என்ன' இல்லை. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எதுவோ குறைகிறது. என்ன குறைகிறது என்று அவள் தேடினாள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பொத்தானைப் பார்த்தாள். அது ஏறவில்லை. இறங்கவில்லை.

"மீனா."

உதடு வெளுத்தது.

"மீனா, மூச்சு விடுடி."

பொத்தான் இறங்கியது. அவ்வளவுதான். மறுபடி ஏறவில்லை.

"இழு!"

ஏறியது.

"விடு."

இறங்கியது.

அவளை மடியில் போட்டுக்கொண்டு பாண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். இழு. விடு. இழு. விடு. ஒவ்வொரு தடவையும் 'இழு' என்பதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள், தானாக இழுக்கிறாளா என்று. இல்லை. இழு. விடு. மலையின் நிழல் மனைகளின் மேல் நீண்டு ஜன்னலுக்கு வந்தது. கொசு ஒன்று மீனாவின் கன்னத்தில் உட்கார்ந்தது. விரட்டினாள். இழு. விடு.

பைக் சத்தம். செருப்புச் சத்தம். "என்ன பாண்டி, வாசல்ல லைட்டுகூடப் போடல?" தங்கப்பாண்டி உள்ளே வந்தான். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. இழு. விடு. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவன் முகம் இருண்டது.

"நீ இரு. நான் சொல்றேன்." மகளின் கன்னத்தைப் பிடித்தான். "மீனா, அப்பா சொல்றேன்ல. இழு ஆத்தா. இழு."

பொத்தான் அசையவில்லை. மகளின் கண் அவனைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் உதட்டிலேயே இருந்தது. உதடு நீலமாகியது.

"இழு," என்றாள் பாண்டீஸ்வரி.

ஏறியது.

தரையில் கிடந்த கைப்பேசியை அவன் எடுத்தான். அறிவிப்பை வாசித்தான். "பாண்டி, இதை அமுக்குனாச் சரியாயிரும்னு போட்டிருக்குல்ல. அமுக்கிரு."

"விடு. மாட்டேன். இழு."

"புள்ள செத்துரும்டி."

"விடு. அதுக்குள்ள இருக்கிறது... இழு... புள்ள இல்லங்க. விடு. இது எம்புள்ள. இழு. அவளா மூச்சு வாங்குற வரைக்கும்... விடு... நான் சொல்றேன். இழு. ஆட்டோவைக் கூப்பிடுங்க. விடு."

அவன் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினான். லத்தீபாவின் கதறல் கேட்டது. அவள் புருஷன் அப்துல் ஹலீம் ஆட்டோவைக் கிளப்பினான். ஷேர் ஆட்டோ. பழைய இன்ஜின். வாசலில் வந்து நின்று உறுமியது, ஜன்னல் கண்ணாடி அதிர. ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். சனிக்கிழமைச் சாயங்காலம். மேலூர் ரோடு முழுக்க ஹாரன்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "இழு" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு மணி நேரமாகச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. வாயை மகளின் காதோடு ஒட்டிவைத்துக் கத்தினாள். காற்றுதான் வந்தது.

மீனா முகத்தைச் சற்றே மேலே தூக்கி, அம்மாவின் உதட்டையே பார்த்தபடி, அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.