கடைசி ஆள்

"கடைசீ!"

வேலாயுதம் வழக்கம்போல் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார். முன்னால் ஓடுகிறவர்களின் காதில் விழுந்திருக்கும். கைகளை இறக்கித் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கப் போனபோது, அவருக்குப் பின்னால், பாதையில் சற்றுத் தள்ளி, இன்னொரு முறை கேட்டது.

"கடைசி."

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் புக்கித் தீமா மலைக்காட்டில் எதிரொலி வராது. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத மாலையில், இலைக்கு மேல் இலையாகச் சொட்டிக்கொண்டிருக்கும் அந்த அடர்த்தியில், எந்தச் சத்தமும் போனது போனதுதான். அதுவுமல்லாமல் அவர் கத்தியிருந்தார். பின்னால் கேட்டது கத்தல் இல்லை. தொண்டை கட்டிப்போன யாரோ, இருக்கிற கொஞ்சக் காற்றை வைத்துச் சொன்னதுபோல் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். ஈரப் பாதை, வேர்கள், மங்கிவரும் பச்சை. ஒரு குரங்குகூட இல்லை.

சிங்கப்பூரில் மலை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நூற்று அறுபத்து மூன்று மீட்டர் உயரத்தை மலை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்தான். ஆனால் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்கு எதிரே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே ஆரம்பித்த அந்த ஓட்டக் குழுவுக்கு அதுதான் இமயம். ஞாயிறுதோறும் வருவார்கள். முன்னால் ஓடி வழிகாட்டுவது ரஃபீக். சரக்கு வேன் ஓட்டுபவர், குரல் வளம் அதிகம். பின்னால் வருபவர் வேலாயுதம். பாதை பிரிகிற இடங்களில் ரஃபீக் "ஹோய்!" என்பார். ஆகப் பின்னால் வருகிறவர் "கடைசி!" என்று பதில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல் கேட்டால் எல்லாரும் முன்னால் இருக்கிறார்கள், யாரும் விடுபடவில்லை என்று அர்த்தம். கடைசி ஆளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எவரையும் தாண்டிப் போகக்கூடாது.

வேலாயுதம் அந்தச் சட்டத்தை ஒரு முறை மீறியிருக்கிறார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னப்பா நின்னுட்டீங்க?" பத்தடி முன்னால் ரோஷினி திரும்பி நின்றாள். பதினைந்து வயது மகள். பள்ளியில் இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு வருகிறது, பயிற்சிக்கு நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்தவள். அவள் தொப்பியின் பின்பக்கம் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. போன ஜனவரிக்குப் பிறகு ரஃபீக் தன் கைக்காசில் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்த விளக்கு அது.

"ஒண்ணுமில்ல. நீ போ. எனக்கு முன்னாடியே இரு, சரியா?"

"ஓகே லா. எத்தனை தடவ சொல்லுவீங்க?"

அவள் ஓடினாள். அவரும் ஓடினார். இன்றைக்கு ஒன்பது பேர், உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்காக ஒதுங்கி நின்றதில் கிளம்பும்போதே ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ஏழு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். வெளியே சாலையில் இன்னும் வெயில் மிச்சம் இருக்கும். காட்டுக்குள் இருட்டு எப்போதும் அவசரக்காரன். மழையில் ஊறிய இலைகளின் புளித்த வாடை, எங்கோ விழுந்து அழுகும் பழத்தின் இனிப்பு வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் விரைவுச்சாலையின் ஓயாத இரைச்சல். சில்வண்டுகள் ஒன்றாக ஆரம்பித்தன, ஒன்றாக நிறுத்தின. அவை நிறுத்திய இடைவெளிகளில் அவருக்குத் தன் காலடிச் சத்தம் கேட்டது. சளக், சளக். அதற்கு அரை நொடி பிந்தி இன்னொன்று. சளக். பிறகு எதையோ இழுப்பதுபோல் ஒரு நீண்ட உரசல்.

நின்றார். அதுவும் நின்றது.

தர்ஷனாவுக்கு இருபத்தேழு வயது. குழுவில் சேர்ந்து மூன்றாவது வாரம். போன ஜனவரியில், உச்சிக்குக் கீழே இருக்கும் மழைக்குடிலுக்குப் பக்கத்தில், குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க அண்ணே, இதோ வந்துடுறேன்" என்றாள். தூறிக்கொண்டிருந்தது. அன்று ரோஷினிக்குப் பிறந்தநாள். சாப்பாட்டுக் கடையில் மேசை சொல்லி வைத்திருந்தார், நேரமாகிவிட்டது. ஒரு நிமிடம் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நிற்கவில்லை. அவளைத் தாண்டி ஓடினார். அடுத்த பிரிவில் ரஃபீக் "ஹோய்" என்றபோது, வாய் கூசாமல் "கடைசி" என்று கத்தினார்.

கீழே ஆள் கணக்கெடுத்தபோது ஒருவர் குறைந்தார். "அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடியே போயிட்டா. நேரா வீட்டுக்குப் போயிருப்பா" என்றார். எல்லாரும் நம்பினார்கள். வேலாயுதம் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெயர் எடுத்தவர். செவ்வாய்க்கிழமை அவளைப் பழைய கல் குவாரியின் அடியில் கண்டுபிடித்தார்கள். குடிலுக்கு வலப்பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதையில் வழிதவறி, விளிம்பில் வழுக்கியிருக்கிறாள். கால் உடைந்திருந்தது. கைப்பேசி நொறுங்கியிருந்தது. முதல் இரவு முழுவதும் உயிர் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தொண்டை புண்ணாகிப் போயிருந்ததாம், கத்திக் கத்தி.

அந்தக் கடைசிச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து வேலாயுதத்துக்கு நல்ல தூக்கம் இல்லை. போலீஸிடமும் அதே பொய்யைத்தான் சொன்னார். கடைசி ஆளாக வர மாட்டேன் என்று மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் மறுக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் வந்தார், கத்தினார், பயந்தார்.

"ஹோய்!" கீழே தூரத்தில் ரஃபீக்.

முன்னால் ரோஷினியின் விளக்கு தெரிந்தது. அவள் இருக்கிறாள், போதும். "கடைசி!" என்றார்.

"கடைசி."

இந்த முறை பத்தடிக்குள். ஈரக் காற்றோடு ஒரு வாடையும் வந்தது, வெகுநாள் தேங்கிய குட்டையைக் குச்சியால் கலக்கினால் வருவது.

அவர் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. மழைக்குடில் வரப்போகிறது. அந்த இடத்தை எப்போதும் தலையைக் குனிந்தே கடப்பார். தூணைப் பார்க்க மாட்டார், அவள் குனிந்திருந்த இடத்தைப் பார்க்க மாட்டார். இன்றும் அப்படித்தான். தரையை மட்டும் பார்த்தார். வேர், கல், சேறு, வேர். மனத்துக்குள் முருகா முருகா என்று ஓடியது. குடிலின் இருண்ட கூரை பக்கவாட்டில் நகர்ந்து பின்னால் போனது.

தலை நிமிர்ந்தார். முன்னால், சரிவில், சிவப்பு விளக்கு. மினுங்கி மினுங்கி. மகள்.

அப்பாடா.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா! நில்லுங்கப்பா!"

ரோஷினியின் குரல். அவளுடைய அதே இழுப்பு. ஆனால் ரோஷினி முன்னால் இருக்கிறாள், விளக்கு தெரிகிறதே. அப்படியானால் பின்னால் இருப்பதற்கு அவளுடைய குரலும் பழகிவிட்டது.

"அப்பா, இருட்டா இருக்கு! நான் இங்க இருக்கேன்!"

ஓடினார். நாற்பத்தாறு வயதில் அப்படி ஓடியதில்லை. கிளை முகத்தில் அடித்தது. முழங்கால் எதிலோ மோதியது. நிற்கவில்லை. பின்னால் அந்தக் குரல் அழ ஆரம்பித்தது. கேட்காதே. பொய். முன்னால் பார். விளக்கைப் பார். படிகள். வழுக்கல். இன்னும் கொஞ்சம்.

அழுகை மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு கேட்கவே இல்லை.

தார்ச்சாலை காலில் பட்டபோது சிவப்பு விளக்கை எட்டிப் பிடித்திருந்தார். தோளைத் தொட்டார். திரும்பியது குழுவில் ஓடும் வித்யா, மூச்சுவாங்கச் சிரித்தாள்.

"என்ன அண்ணே, பேய் துரத்துற மாதிரி ஓடி வர்றீங்க?"

"ரோஷினி?"

"என் பின்னாடிதானே வந்தா? உங்களுக்கு முன்னாடி."

வாசலருகே விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் பாதி தூரம்தான் எட்டியது. ரஃபீக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஏழாகப் போகுது, சீக்கிரம். நம்பர் சொல்லுங்க லா. ஒண்ணு!"

இரண்டு, மூன்று என்று போனது. வேலாயுதத்தின் கண்கள் அங்கும் இங்கும் தேடின. வேனுக்குப் பின்னால் இருப்பாளோ? தண்ணீர் குடிக்கப் போயிருப்பாளோ? சொல்லிவிடலாம். குடிலருகே தலை குனிந்து ஓடியதில் அவளைத் தாண்டிவிட்டேன், மேலேயே விட்டுவிட்டேன் என்று இப்போதே சொல்லிவிடலாம். விட்டுவிட்டேன் என்றால், எப்படி என்பார்கள். கடைசி ஆள் எப்படித் தாண்டி வந்தார் என்பார்கள். ஜனவரியில் எப்படி என்றும் கேட்பார்கள்.

"ஏழு" என்றாள் வித்யா.

அடுத்தது ரோஷினி சொல்ல வேண்டியது.

"எட்டு."

வெளிச்சம் எட்டாத ஓரத்திலிருந்து வந்தது. வந்துவிட்டாள்! குறுக்குப் படியில் இறங்கி வந்திருக்கிறாள், கழுதை. குரல் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான், கத்தியிருக்கிறாள். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் இளகியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒன்பது!" என்றார் உரக்க. "கடைசி!"

"சரியா இருக்கு. எல்லாம் வந்தாச்சு." ரஃபீக் வேன் பக்கம் திரும்பினார். மற்றவர்களும் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள்.

வேலாயுதம் ஓரத்தைப் பார்த்தார்.

எட்டாவது ஆள் நின்றிருந்தாள். தொப்பி இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. முடியிலிருந்து சேறு சொட்டியது. ஒரு கால் நேராக இருந்தது, மற்றது மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அந்தக் காலின் நாடா அவிழ்ந்து தார்மேல் நீண்டு கிடந்தது.

மேலே, மலையின் கருப்புக்குள், குவாரி இருக்கும் பக்கம், ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. அங்கிருந்து, எவ்வளவோ தூரத்திலிருந்து, அவர் பெற்ற பெண்ணின் குரல், அவர் சொல்லிக் கொடுத்த சொல்லைச் சொன்னது.

"கடைசீ!"

ரஃபீக் வேன் கதவைச் சாத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. வேலாயுதம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டை முழுவதும் புண்ணாக எரிந்தது.

சிவப்புப் புள்ளி சட்டென்று கீழே இறங்கி மறைந்தது.

ஓரத்தில் நின்றவள் மெல்லக் குனிந்தாள். நாடாவின் இரண்டு முனைகளையும் எடுத்து, நிதானமாக, இறுக்கிக் கட்டி முடித்தாள்.