கையைப் பிடித்து வந்தவள்

அந்தத் தெருவில் ஒரு ஆள் கால் வைக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் காலை எடுக்க வேண்டும். அப்படியொரு கூட்டம். காயில்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் யாரோ இடித்துத் தள்ளிய திசையெல்லாம் போய்க் கடைசியில் அந்த பாரின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஊரில் அதுவே பெயராகிவிட்டது. முப்பது வருஷமாகக் கடையை விட்டு அசையாத மனுஷன். இன்றைக்கு வந்ததும் இஷ்டப்பட்டு அல்ல. வீட்டில் மனைவி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நான் கூப்பிட்டா வர மாட்டா. அவ கோபம் உங்க மேலதானே? நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மகள் இந்த பாரில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சொன்னார்: "ஊத்திக் குடுக்குற கையோட இந்த வாசப்படியை மிதிக்காதே." அவளும் மிதிக்கவில்லை. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம். எட்டு மாதத்துக்கு முன்பு, தரைக்குக் கீழே இருக்கும் சரக்கு அறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வரும்போது படியில் சறுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள். அப்போதும் அவர் வரவில்லை. மச்சினன்தான் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு முழுக்க அவர் கடையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பார் சர்வர் ஒருவர் போன் செய்தார்.

"ஐயா, உங்க பொண்ணு இன்னும் டூட்டிக்கு வருது."

கதவைத் தள்ளி உள்ளே போனதும் தெருவின் இரைச்சல் வெட்டி எடுத்ததுபோல் நின்றது. மாலை நான்கு மணிதான். ஆனாலும் உள்ளே இருட்டு. எலுமிச்சைத் தோல் வாசனை. பன்னிரண்டு மேசைகள், ஒன்றிலும் ஆள் இல்லை. நரைத்த மீசையோடு அந்த சர்வர் மட்டும் எழுந்து வந்தார்.

"நாலரைக்கு வரும்" என்றார் மெதுவாக. "கிளாஸ் தொடைக்கும். சத்தம் மட்டும் கேக்கும். என் கண்ணுக்கு மட்டும் சில நாள் மங்கலாத் தெரியும். கஸ்டமர் எல்லாம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. முதலாளி இடத்தை விக்கப் பாக்குறாரு. அதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுங்க ஐயா. தங்கமான பொண்ணு. எனக்குக் காய்ச்சல்னா என் மேசையையும் சேர்த்து அதுதான் பாத்துக்கும்."

காயில்காரர் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, அப்பதான் அதைத்தான் கூப்பிடுறீங்கன்னு தெரியும். இந்தத் தெருவைத் தாண்டுற வரைக்கும் திரும்பிப் பாக்காதீங்க. நான் இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு சர்வர் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலரை.

கவுண்டருக்குப் பின்னால் ஈரத்துணியில் கண்ணாடி தேயும் சத்தம் எழுந்தது. கிரீச். கிரீச். அங்கே யாரும் இல்லை. ஒரு கிளாஸ் முடிந்து, சின்ன இடைவெளி விட்டு, அடுத்த கிளாஸ்.

அவர் மகளின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. மூன்று வருஷமாக வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அவரே தடை போட்ட பெயர்.

"வாம்மா" என்றார் கடைசியில். "வீட்டுக்குப் போலாம்."

துடைக்கும் சத்தம் நின்றது.

கீழே, சரக்கு அறைப் படியில், ஒரு காலடி கேட்டது.

இன்னொன்று.

நிதானமாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, ஏறி வந்தது.

எலுமிச்சை வாசனை போய், நனைந்த சாக்கின் நாற்றம் வந்தது. அவருடைய வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்ட, அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தெருவில் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பின்னால் எங்கேயோ "அப்பா! அப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ. தன் பிள்ளைதான் கையில் இருக்கிறதே. அவர் திரும்பவில்லை.

ரயிலில் நிற்க இடமில்லாத நெரிசல். ஆனாலும் அவர் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. மூன்று மணி நேரமும் அவர் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்டார். அம்மா உருகிப் போய்விட்டாள் என்றார். பிடி மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கை மணிக்கட்டை விட்டது. மனைவியின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

"வந்துட்டியாடி" என்றாள். அவரைத் தாண்டி, அவருக்குப் பக்கத்தில் பார்த்து. அழுதாள், சிரித்தாள், உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்பது கேட்டது. அவர் வாசலிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன் வந்தது.

"ஐயா, ஏன் விட்டுட்டுப் போயிட்டீங்க?" சர்வரின் குரல்.

"என்ன சொல்றீங்க? கூட்டிட்டு வந்துட்டேனே."

"நீங்க போனதும் வெளியே வந்து பாத்தேன். பாப்பா கவுண்டர்லதான் நின்னுச்சு. கையில துணியோட. எட்டு மாசமா ஒரு வார்த்தை பேசாதது, இன்னிக்குத்தான் பேசுச்சு." அவர் குரல் உடைந்தது. "'அண்ணே, அப்பா யாரைக் கூட்டிட்டுப் போறாரு'ன்னு கேட்டுச்சு."

காயில்காரர் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் இழுத்தார்.

"குடுங்க. போனை அவகிட்ட குடுங்க. இல்ல, நான் இப்பவே கிளம்பி வரேன்."

"இங்க இல்லீங்க. உங்க பின்னாடியே ஓடிச்சு. 'அப்பா, அப்பா'ன்னு கத்திக்கிட்டே. நானும் தெருவுல இறங்கித் தேடினேன். அவ்வளவு கூட்டத்துல எங்கேன்னு போய்ப் பாக்கிறது? இன்னும் திரும்பி வரல."

போன் அவர் கையில் இருந்தது. அதில் சர்வர் "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனார். மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டு காலியாகக் கிடந்தது. வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். கையில் சீப்பு. தனக்கு முன்னால் வெறும் காற்றில், நெஞ்சு உயரத்திலிருந்து தொடங்கி, கட்டிலைத் தாண்டித் தரை வரை குனிந்து குனிந்து வாரிக்கொண்டிருந்தாள்.

"அடியம்மா, எவ்வளவு முடி வளத்து வச்சிருக்கே" என்றாள் கொஞ்சலாக.

மகளுக்குக் கழுத்தளவு முடிதான். சின்ன வயதிலிருந்தே.

சொல்லிவிட வேண்டும். இது அவள் இல்லை, இது யாரென்றே தெரியாது என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயது குறைந்த முகம். அவர் வாய் திறந்து, திறந்தபடியே நின்றது.

சீப்பை அவள் தூக்கினாள். அதன் பல்லில் ஒரு முடி சிக்கித் தொங்கியது. வெள்ளை வெளேரென்று, ஆள் உயரத்துக்கு, தரையைத் தொட்டுக்கொண்டு.

"ஏங்க" என்றாள் மனைவி மெல்ல, "அந்த லைட்டை அணைச்சிடுங்க. கண்ணு கூசுதாம்."

அவருடைய கை சுவிட்சுக்குப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.