அட்டையில் முளைத்த அங்சானா

காலை வெயில் நேராக நிலானியின் முகத்தில் வந்து அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த அறைக்குள் இதற்கு முன் வெயில் இப்படி வந்ததே இல்லை.

"அம்மா, ஜன்னலுக்குத் துணி போடுங்கம்மா. கண்ணு கூசுது."

அம்மா வெளியே கம்பியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "இப்ப துணி சீக்கிரம் காயுது. அது ஒண்ணுதான் நல்லது," என்றார். பிறகு வெறும் வானத்தைப் பார்த்தபடி, "மரம் இருந்தப்ப வீட்டுக்குள்ள வெளிச்சமே பச்சையா இருக்கும்," என்றார்.

சுங்கை பினாங்கில் இருக்கும் அந்த அடுக்குமாடிக்கு முன்னால் ஒரு பெரிய அங்சானா மரம் நின்றது. கட்டடத்தைவிட மரத்துக்குத்தான் வயது அதிகம் என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகள் அதன் நிழலில் கண்ணாமூச்சி விளையாடுவார்கள். மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ணினால் பட்டையின் கோடுகள் கன்னத்தில் பதிந்துவிடும். யார் கன்னத்தில் கோடு அதிகமோ அவர்தான் அன்று அதிகம் தோற்றவர்.

மஹ்பூபா ஆண்ட்டி அதன் கீழே அடுப்பு வைத்து பீசாங் கோரெங் பொரிப்பார். மாலையானால் பொரித்த வாழைப்பழத்தின் வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வரும். கூடவே மைனாக்களின் கூச்சலும். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அதுங்க மீட்டிங் முடியட்டும். அப்புறம் செய்தி கேக்கலாம்," என்பார்.

இப்போது மைனாக்கள் எங்கே போயினவோ தெரியவில்லை.

மழை பலமாகப் பெய்த ஒரு நாள், பெரிய கிளை ஒன்று முறிந்து முதல் மாடி மோகனராஜ் அங்கிளின் காடிமேல் விழுந்தது. காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப்போனது. அவர் மாநகர் மன்றத்துக்குப் போன் செய்தார். சில நாளில் ஆட்கள் ரம்பத்தோடு வந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது முதல் கிளையை அறுத்தார்கள். அறுத்த இடத்தில் சிவப்பாகப் பால் வடிந்தது. அங்சானாவின் பால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகள், "மரத்துக்கு ரத்தம் வருது!" என்று அழத் தொடங்கிவிட்டார்கள்.

அதே கட்டடத்தில் இருக்கும் நிலானியின் வகுப்புத் தோழன் கோகுலன் அழவில்லை. படிக்கட்டில் நின்றிருந்த மோகனராஜ் அங்கிளின் மகள் சுபாஷினியைப் பார்த்து, "ஒரு காடிக்காக எங்க மரத்த வெட்ட வச்சிட்டாரு உங்கப்பா!" என்று கத்தினான்.

அவர்கள் பள்ளியிலிருந்து திரும்பியபோது மரம் இல்லை. அடிமரம் இருந்த இடத்தில் புது மண் கொட்டியிருந்தது.

அன்றிலிருந்து சுபாஷினியை யாரும் விளையாடக் கூப்பிடவில்லை. மோகனராஜ் அங்கிள் எதிரே வந்தால் பெரியவர்களும் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். நிலானியும் சுபாஷினியைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கனகேஸ்வரி டீச்சர் கலைக் கண்காட்சியைப் பற்றிச் சொன்னார்.

"தலைப்பு, மரமும் காடும். ஆனா வெறும் கலர் அடிச்சுக் கொண்டுவந்தா நான் வாங்க மாட்டேன். துணி, மணல், நூல், பழைய பேப்பர், மரப்பட்டை, எல்லாத்தையும் கலந்து ஒட்டிச் செய்யணும். கண்ணால பார்க்குற ஓவியமா மட்டும் இருக்கக் கூடாது, தொட்டும் பார்க்கணும். ரெண்டு மூணு பேராச் சேர்ந்து செய்யலாம்."

நிலானியும் கோகுலனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எந்த மரம் என்று பேசவே தேவையிருக்கவில்லை.

பின்வரிசையில் சுபாஷினி மெல்லக் கையைத் தூக்கினாள். "நான் தனியாச் செய்யுறேன் டீச்சர்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோகுலனின் வீட்டில் புதிதாக வாங்கிய குளிர்பெட்டியின் அட்டை இருந்தது. அதை நிலானியின் வீட்டுக்குத் தூக்கி வந்து பிரித்து விரித்தால், அவளைவிட உயரம். பழைய அரிசிச் சாக்கை முறுக்கி ஒட்டி அடிமரம் செய்தார்கள். கட்டடத்தின் ஓரத்தில் சிதறிக் கிடந்த மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசினார்கள். மரம் வெட்டிய அன்று நிலானி ஒரு பை நிறையப் பொறுக்கி வைத்திருந்த இலைகளைக் கிளை கிளையாக ஒட்டினார்கள்.

"உண்மையான மரம் மாதிரியே இருக்குலா!" என்று கோகுலன் குதித்தான். பசை பட்ட கையால் தலையைச் சொறிந்ததில் அவன் முடி முள்ளம்பன்றி போல நின்றது.

அந்த மகிழ்ச்சி அதிக நாள் நிலைக்கவில்லை. பையிலேயே புழுங்கிக் கிடந்த இலைகள் அல்லவா? அவை ஒவ்வொன்றாகச் சுருண்டன. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. அட்டையைத் தூக்கி நிறுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தன. அங்சானா இரண்டாவது முறையும் செத்துப்போனது போல இருந்தது நிலானிக்கு.

"இலை இல்லாட்டி என்னா, பட்டையாவது கிடைக்குதான்னு பார்க்குறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கட்டடத்தின் பின்பக்கம் போனாள்.

அங்கே குப்பைக் கொட்டகைக்குப் பக்கத்தில், லாரிக்காக மரத்துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். துண்டுகளுக்கு நடுவே யாரோ முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுபாஷினி! அவள் ஒரு தாளைப் பட்டையின்மேல் வைத்து, அதன்மேல் மெழுகு வண்ணத்தைப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிலானியைக் கண்டதும் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் எடுக்கல," என்றாள் வேகமாக.

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் நிலானி. "காட்டேன்."

சுபாஷினி தயங்கித் தயங்கித் தாளை நீட்டினாள். பட்டையின் வெடிப்பு, மேடு, பள்ளம் எல்லாம் அப்படியே தாளில் வந்திருந்தன. நிலானிக்குத் தன்னை அறியாமல் கை கன்னத்துக்குப் போனது. எத்தனை மாலை அந்தக் கோடுகள் அங்கே பதிந்திருக்கின்றன!

"உனக்கும் மரத்தப் பிடிக்குமா?"

"ஏன், எனக்குப் பிடிக்கக் கூடாதா?" சுபாஷினியின் குரல் உடைந்தது. "இங்க வா. இதப் பாரு."

எல்லாவற்றிலும் பெரிய துண்டின் மறுபக்கத்துக்கு அவள் நிலானியை அழைத்துப்போனாள். சுவரைப் பார்த்திருந்த அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு பெரிய பொந்து. நிலானி கையை விட்டாள். முழங்கைவரை போயிற்று. உள்ளே மரம் கறுத்து, புட்டு போல உதிர்ந்தது.

"அடியில முழுக்க இப்படித்தான்," என்றாள் சுபாஷினி. "கிளை விழுந்தப்பவே அப்பா தட்டிப் பார்த்தாரு. டொம் டொம்னு மேளம் மாதிரிச் சத்தம் கேட்டுச்சு. நாம எல்லாம் அங்கதான விளையாடுறோம்? அதான் போன் பண்ணாரு. காடிக்காக இல்ல."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கோகுலன்கிட்ட பஸ்ல சொன்னேன். பொய்னு சொல்லிட்டான். அப்பாவும், 'மரம் போன வருத்தத்துல பேசுறாங்க, பேசட்டும்'னு சொல்லிட்டாரு." அவள் தாளைச் சுருட்டினாள். "நாங்க பட்டர்வொர்த் பக்கம் மாறிப் போகப் போறோம். சனிக்கிழமை வீடு பார்க்கப் போறாங்க."

தான் அவளைக் கூப்பிடாமல் இருந்த மாலைகள் எல்லாம் நிலானியின் நினைவுக்கு வந்தன. பிறகு தன் பையை விரித்து, பொந்துக்குள்ளிருந்து கறுப்புத் தூளை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"நம்ம மரத்துக்கு. நீயும் வா. சேர்ந்தே செய்யலாம்."

சுபாஷினி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. பழைய நாளிதழ்களுக்கு நடுவில் வைத்து, மெத்தைக்கு அடியில் அழுத்திக் காயவைத்த இலைகளைக் கொண்டுவந்தாள். ஒன்றுகூடச் சுருளவில்லை. ஒரு மைலோ டின் நிறைய அங்சானாக் காய்கள் வேறு. நடுவில் விதை, சுற்றிலும் வட்டமாக மெல்லிய இறக்கை.

ஆனால் கோகுலன் எழுந்து நின்றுவிட்டான். "அவ வந்தா நான் இல்ல."

"மரம் உள்ள பொந்தா இருந்துச்சு கோகுலா. நான் கையை விட்டுப் பார்த்தேன்."

"எங்க? காட்டு!"

மூவரும் கொட்டகைக்கு ஓடினார்கள். லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போயிருந்தது. தரையில் கொஞ்சம் தூள்தான் கிடந்தது.

"பார்த்தியா?" என்று சொல்லிவிட்டுக் கோகுலன் போய்விட்டான்.

நிலானி அவன் பின்னால் போகவில்லை. திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அடிமரத்தின் நடுவில், சாக்கோடு சேர்த்து அட்டையை வட்டமாக வெட்டினாள்.

"ஐயோ, என்னா செய்யுற? அசிங்கமா இருக்கும்!" என்றாள் சுபாஷினி.

"மரம் எப்படி இருந்துச்சோ அப்படியே செய்யலாம்."

ஓட்டைக்குப் பின்னால் ஒரு காலணிப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதன் உள்ளே பசை தடவிக் கறுப்புத் தூளை அப்பினார்கள். பட்டையின்மேல் தேய்த்தெடுத்த தாள்களைக் கிழித்துச் சாக்கின்மேல் ஒட்டினார்கள். அம்மா ஒரு பழைய பச்சைச் சேலையைக் கொடுத்தார். இலைகளுக்குப் பின்னால் அதைத் துண்டு துண்டாக ஒட்டியதும் நிலானி தள்ளி நின்று பார்த்தாள். அவள் அறையில் முன்பு இருந்த வெளிச்சத்தின் அதே நிறம்.

பசை காய வேண்டும். வீட்டில் அவ்வளவு பெரிய அட்டையை வைக்க இடம் இல்லை. அதனால் அதைக் கீழே கொண்டுபோய், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வேலை முடிந்து மக்கள் திரும்பும் நேரம் அது. வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"நம்ம மரம்லா இது!"

"பட்டையப் பாரு, அச்சு அசல்!"

தொட்டார்கள், தடவினார்கள். மஹ்பூபா ஆண்ட்டி அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வந்தார். கோகுலனும் வந்தான். படத்தைப் பார்க்க வந்தவன் போல அல்லாமல், தபால் பெட்டியைப் பார்க்க வந்தவன் போல நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் கை தானாகப் பொந்துக்குள் போயிற்று. விரல் நுனியில் கறுப்பாகத் தூள் ஒட்டியது. அவன் அதை நசுக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான். மழையில் ஊறிய மரத்தின் வாசனை.

"இது எங்க இருந்து?"

"வெட்டுன மரத்துக்குள்ள இருந்துதான். இப்படித்தான் பொந்தா இருந்துச்சு," என்றாள் நிலானி.

மஹ்பூபா ஆண்ட்டியும் கையை விட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "யா அல்லா! இவ்ளோ பெரிய பொந்தா? இதுக்குக் கீழதான நான் தினமும் அடுப்பு வச்சேன்? இந்தப் பிள்ளைங்க எல்லாம் இங்கதான ஓடுச்சிங்க?"

அந்த நேரம் பார்த்து மோகனராஜ் அங்கிள் வேலைப் பையோடு உள்ளே வந்தார். கூட்டத்தைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு படியை நோக்கி நடந்தார்.

"மோகன் தம்பி, நில்லுங்க!" என்று மஹ்பூபா ஆண்ட்டி கூப்பிட்டார். கரண்டியை அடுப்புப் பக்கம் நீட்டினார். "பீசாங் கோரெங் சூடா இருக்கு. சாப்டுட்டுப் போங்க," என்றார்.

மோகனராஜ் அங்கிள் நின்றார். அப்போதுதான் படத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். காய்ந்த இலை ஒன்றைத் தொட்டார்.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா பூ இல்லையே?"

"பூவா?"

"வருசத்துல ஒரு சில நாள்தான் பூக்கும். ராத்திரி பூத்து மறுநாள் எல்லாம் கொட்டிடும். அதுக்காகவே நான் காடிய அங்க நிறுத்துவேன். காலையில காடி முழுக்க மஞ்சளா இருக்கும். துடைக்க மனசு வராது, அப்படியே வேலைக்கு ஓட்டிட்டுப் போவேன். கேட்ல இருக்குற செக்யூரிட்டி, 'என்னா சார், கல்யாண காடியா?'ன்னு கேப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோகுலன் மெல்ல நழுவி மாடிக்கு ஓடினான். போய்விட்டான் என்றுதான் நிலானி நினைத்தாள். அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கையில் ஒரு கட்டு மஞ்சள் தாளும் கத்தரிக்கோலும்.

சுபாஷினியின் முகத்தைப் பார்க்காமல், "நீ வெட்டு. நான் ஒட்டுறேன்," என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி, "பஸ்ல நீ சொன்னது பொய் இல்ல," என்றான்.

சுபாஷினி கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "மொதல்ல கையக் கழுவிட்டு வா. பூ கறுப்பாயிடும்."

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மோகனராஜ் அங்கிள் பீசாங் கோரெங்கைத் தின்றுகொண்டே, "கிளையில கொஞ்சம் போதும். கீழதான் நிறையக் கொட்டணும்," என்று வழி சொன்னார். சின்னப் பிள்ளைகளும் வந்து ஆளுக்கு ஒரு பூ கேட்டார்கள். அட்டையில் இடம் போதாமல் பூக்கள் சிமெண்டுத் தரையிலும் இறங்கின.

"அப்பா, சனிக்கிழமை வீடு பார்க்கப் போகணுமே?" என்று சுபாஷினி மெதுவாகக் கேட்டாள்.

"இந்தச் சனிக்கிழமை உங்க கண்காட்சி இருக்குல்ல?" என்றார் அப்பா. "அதுக்குப் போவோம்."

விளக்குகள் எரியத் தொடங்கின. மேலேயிருந்து சுபாஷினியின் அம்மா எட்டிப் பார்த்து, "எல்லாரும் அங்க என்னா செய்றீங்க? நேரமாச்சு, மேல வாங்க!" என்று கூப்பிட்டார்.

சுபாஷினி தலையைத் தூக்கி உரக்கச் சொன்னாள்.

"இருங்கம்மா! இன்னும் பூ கொட்டி முடியல!"