நாரைக்குக் கண் திறந்தவள்

காலையில் பால்கனியில் இன்னொரு நாரை விழுந்துகிடந்தது. இறகு இருக்க வேண்டிய இடமெல்லாம் முள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். மங்கையர்க்கரசி அதை எடுத்து மடியில் கிடத்திக்கொண்டாள். அவள் வரைந்த நாரைதான் அது.

நாரைப்பாக்கம் சதுப்பு கழிவுநீரில் செத்து வெகுகாலம். படத்தைக் காட்டினால் உயிராக வளர்த்துக் கொடுக்கும் உயிர்வார்ப்பி இயந்திரம் வந்தபோது, முதலில் பழைய புகைப்படங்களைத்தான் காட்டினார்கள். அசல் நாரைகள் பிறந்தன, அந்தத் தண்ணீரைக் குடித்துச் சுருண்டன. பிறகு மங்கை மனம் வெறுத்து வரைந்திருந்த நஞ்சுக்காட்டு ஓவியங்களைக் காட்டினார்கள். அவை பிழைத்துக்கொண்டன; விஷத்துக்கென்றே பிறந்தவை அல்லவா! அவள் எச்சரித்ததை ஊர் செய்முறையாக எடுத்துக்கொண்டது.

கண்ணைத் திறந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும் என்பது அவள் தொழில் பழகிய இடத்து வழக்கம். இந்தப் பிராணிகளுக்கு உயிரே வரவேண்டாம் என்று கண் எழுதாமல் விட்டிருந்தாள். சம்பிரதாயம் இயந்திரத்துக்கு எங்கே தெரியும்? குருடாகவே வார்த்துத் தள்ளியது.

"ஜன்னல் ஜன்னலா மோதிச் சாவுதுங்க மேடம். கண்ணை மட்டும் திறந்து குடுத்துடுங்க," என்றார் ஓவியத்தோடு வந்து நின்ற சதுப்பு மீட்பு அதிகாரி ஜெபராஜ்.

"திறந்தா எதைப் பாக்கும் சார்?"

"எதையோ பாத்துட்டுப் போவுது. செவுத்துல மோதாம இருந்தா போதும்."

மடியில் நாரையின் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. மங்கை கண்ணில்லாத அந்தத் தோலை விரலால் தடவினாள். தூரிகையை எடுத்தாள். கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துப் பார்த்துப் படத்து நாரைக்கு எழுதினாள்.

புதிய நாரைகளை மேளதாளத்தோடு பறக்கவிட்டார்கள். ஒன்றும் மோதவில்லை. ஊரே கைதட்டியது.

கோயிலில் சிலைக்குக் கண் திறந்ததும் கண்ணாடி காட்டுவார்கள், பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதல் பார்வை நல்லதில் விழ வேண்டும். அது யாருக்கும் நினைவு வரவில்லை, மங்கைக்கும்தான். நாரைகள் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தன, குப்பைமேட்டைப் பார்த்தன, கரையில் கைதட்டியவர்களைப் பார்த்தன. பிறகு இறங்கி அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. போட்ட இரையைத் தொடவில்லை. வாரம் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜெபராஜ் மறுபடி ஓவியத்தோடு வந்தார்.

"கண்ணை அழிச்சுடுங்க மேடம். ஜன்னலுக்கு வலை கட்டிக்கறோம்."

மங்கை துணியை எண்ணெயில் நனைத்தாள். படத்திலிருந்து அவளுடைய கண்களே அவளைப் பார்த்தன. அழிக்கக் கை நடுங்கும் என்று நினைத்தாள். நடுங்கவில்லை. அதற்குத்தான் அழுதாள்.